நண்பகலில் நிழல் விழாத ஆண்டு

ஆசிரியருக்கு,

வரலாற்றிலேயே மோசமான ஆண்டு எது என்று கேட்டால், பலரும் போர் நடந்த ஆண்டுகளையே சொல்கிறார்கள். என் ஓட்டு கி.பி. 536-க்கு.

எங்கோ ஒரு எரிமலை வெடித்து, அதன் தூசியும் கந்தகமும் வானத்தை மூடிவிட்டன. ஆண்டு முழுக்கச் சூரியன் நிலவைப் போல மங்கியே இருந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியிருக்கிறார். இத்தாலியில் உயர் அதிகாரியாக இருந்த காசியோடோரஸ், நண்பகலில்கூட நம் நிழலைக் காணோமே என்று வியந்து, தன் துணை அதிகாரிக்குக் கடிதம் போடுகிறார். (நம்மூர் நிழலில்லா நாள் வேறு, அன்று சூரியன் நேர் உச்சியில் காயும்.) கூடவே, போன வருட விளைச்சலை வைத்து இந்த வருடப் பஞ்சத்தைச் சமாளி என்கிறார். எனக்குப் பிடித்தது இந்த உத்தரவுதான். வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தவர், கையோடு களஞ்சியத்தையும் பார்த்திருக்கிறார்!

அந்தக் கந்தகம் கிரீன்லாந்துப் பனிக்கட்டியில் இன்னும் இருக்கிறது. 540-இல் இன்னொரு பெரிய வெடிப்பு, அப்புறம் 541-இல் பிளேக். அப்போதைய கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் படையெடுப்புகளைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், இந்த மங்கிய வெயிலுக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாமே.

- ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திருச்சி