பதத்தில் நான் பார்த்தது பற்றி, உனக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் பரதநாட்டியக் கச்சேரியைப் பற்றி நான் இங்கே எழுதிய கட்டுரையை எடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நீ சொன்ன அந்தப் பத்தியை மட்டும் நேற்று இரவு நீக்கினேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.

இதை உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். நீ அதற்கு வழி வைக்கவில்லை. அதோடு, அந்தப் பத்தியைப் படித்தவர்கள் இங்கேதான் படித்தார்கள்; எடுத்ததும் அவர்களுக்கு இங்கேயே தெரியட்டும். உன் பெயரையும் சபாவின் பெயரையும் போடவில்லை. தெரிந்தவர்கள் தெரிந்ததோடு இருக்கட்டும், ஊகித்து எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மார்கழியில் நீ மறுபடி ஆடுகிறாய் என்ற அறிவிப்பைப் பார்த்தேன். உருப்படிகளின் பட்டியலில் 'தெருவில் வாரானோ' இருந்தது, அபிநயத்துக்காக நிதானமாகப் பாடும் பதம். எனக்கு அழைப்பு வரவில்லை, அது பரவாயில்லை. அந்தப் பதத்தை நீ விட்டுவிடவில்லை என்பதுதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

அன்றைக்கு, கச்சேரியின் நீண்ட உருப்படியான வர்ணம் முடிந்ததும் பாதி அரங்கு எழுந்து கேண்டீனுக்குப் போனது. அந்த நேரத்தில் எனக்கு வரும் கோபம் உனக்குப் புதிதில்லை. நடனக் கலைஞர் பாலசரஸ்வதி 1975-ல் தமிழிசைச் சங்கத்தில் பேசியபோது மார்க்கத்தை, அதாவது கச்சேரியில் உருப்படிகள் வரும் வரிசையை, கோயிலோடு வைத்துச் சொன்னார். முதலில் ஆடும் அலாரிப்பு கோபுரம், அங்கிருந்து ஒவ்வொரு மண்டபமாகத் தாண்டி உள்ளே போக வேண்டும், பதத்துக்கு வரும்போது கருவறைக்குள் நுழைகிற குளிர்ச்சியும் அமைதியும் கிடைக்கும் என்றார். அந்த வாசலில்தான் நம் ஊரில் கூட்டம் கலைகிறது. நீ மேடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உன் நெற்றிச்சுட்டி வேர்வையில் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது, சரி செய்யக்கூட இல்லை.

அப்புறம் அறிவிப்பாளர் வந்து, நாயகி தெருவில் வரும் நடராஜரைப் பார்த்து ஏங்குகிறாள், என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாரா என்று தவிக்கிறாள் என்று இரண்டு மொழியிலும் விளக்கினார். எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லியாயிற்று.

பாடகி கமாஸ் ராகத்தை நிதானமாக எடுத்தார். முதல் சில முறை நீ எல்லோரும் எதிர்பார்ப்பதைத்தான் செய்தாய். இரண்டு கைகளையும் விரல் சேர்த்து நீட்டிய பதாக முத்திரையாக்கிக் கதவைத் திறந்தாய். பின்னலை எடுத்து முன்னால் போட்டாய். அவன் காதில் விழட்டும் என்று வளையலைக் குலுக்கினாய். கூந்தலிலிருந்து ஒரு பூவை எடுத்து, தற்செயலாக விழுந்தது போலத் தெருவில் விட்டாய். ஒவ்வொன்றும் சுத்தம். கை போகும் வழியில் கண், கண் போகும் வழியில் மனம் என்று அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல் சொல்வதை நாம் சேர்ந்துதான் மனப்பாடம் செய்தோம். அதுவரை எல்லாம் அந்த வழியில்தான் போனது.

பிறகு பாடகி 'திரும்பிப் பாரானோ' என்பதை மட்டும் தனியாக எடுத்து, குரலை இறக்கி நிறுத்தினார். மிருதங்கம் ஓய்ந்தது. நீ கையையே எடுக்கவில்லை. இரண்டு கைகளும் உடம்போடு தொங்கின. கண் மட்டும் போனது. மேடையின் ஓரத்தில் தொடங்கி, கீழே இறங்கி, நாற்காலிகளுக்குப் பக்கத்தில் இருந்த நடைபாதை வழியாக, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில், பின்கதவு வரை. என் முன்வரிசையில் இருந்த பெரியவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். "யாரு போறா?" என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் மெதுவாகக் கேட்டார். அவரும் திரும்பினார். கதவு மூடியே இருந்தது. நான் திரும்பவில்லை. உன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தக் கை. வலது கையை இடுப்புப் பக்கம் துணியில் ஒரு தடவை துடைத்தாய். பிறகு அது நெஞ்சு உயரத்துக்குக்கூட வராமல், விரல்கள் முழுசாக விரியாமல், போயிட்டு வா என்பது போல ஒரு அசைவு அசைந்தது. அது பதாகம் இல்லை, அர்த்தசந்திரனும் இல்லை. நாம் படித்த 28 ஒற்றைக்கை முத்திரைகளில் எதிலும் அது சேராது. வாசலில் காதலனுக்காகக் காத்திருப்பவள் ஈரக் கையைத் துடைக்க அந்தக் கதையில் ஒரு காரணமும் கிடையாது. அது யாருடைய கை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இங்கே அதற்கு மேல் எழுத மாட்டேன்.

போன தடவை எழுதினேன். பெயர் சொன்னேன், உறவு சொன்னேன், எப்போது என்றும் சொன்னேன். அதற்காகத்தான் அந்தப் பத்தி போனது. அகத்திணையில் யார் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. காதலைப் பற்றிய விதிதான், ஆனால் உள்ளே இருக்கிற எதற்கும் அது பொருந்தும் என்று இப்போது நினைக்கிறேன். பெயரை வைத்ததும் அந்தக் கை ஒரே ஒரு வீட்டுக்குச் சொந்தமாகிவிட்டது. அரங்கில் இருந்த மற்றவர்களிடமிருந்து அதை நான் பிடுங்கிக்கொண்டேன். உன்னிடமிருந்தும்தான். என்னை மன்னித்துவிடு.

ஆனால் பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அது ஸ்தம்பம், உறைந்து நிற்கிற பாவம், பயிற்சி செய்து வைத்ததுதான், அதில் என் வீட்டை எதற்கு இழுத்தாய் என்று கேட்டாய். இருக்கலாம். நாட்டிய சாஸ்திரம் சாத்விக பாவங்களாக, அதாவது மனநிலை உடம்பில் தன்னால் வெளிப்படும் குறிகளாக, சொல்லும் எட்டில் முதலில் வருவதே ஸ்தம்பம். கண்ணீரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கண்ணீரையே பயிற்சிக்குள் கொண்டுவந்த மரபு நம்முடையது. அதனால் ஒத்திகையில் வைத்ததா, அந்த நொடியில் வந்ததா என்பது ஆடுகிறவளுக்குத்தான் கேள்வி. நாற்காலியில் இருப்பவளுக்கு வந்து சேர்வது ஒன்றுதான்.

நீ சொன்னதில் எனக்குப் பதில் தெரியாமல் போனது இன்னொன்று. ரசம் என்றால் உணர்ச்சி அதன் சொந்தக்காரரை விட்டு நீங்கி எல்லோருக்கும் பொதுவாக வேண்டும். ரசத்தைப் பற்றி எழுதிய பழைய ஆசிரியர்கள் பட்ட நாயகரும் அபிநவகுப்தரும் அதைத்தானே சொன்னார்கள், நீ அதைத் திருப்பி என் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து உட்கார வைத்தாய் என்றாய். சரியான அடி. அந்தப் பெரியவருக்கு உன் வீடு தெரியாது. அவர் கேட்ட கேள்வியில் அவருடைய யாரோ ஒருவர் அந்தக் கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு நீ எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதைவிட நல்ல ரசிகர் உனக்குக் கிடைக்க மாட்டார், ஒப்புக்கொள்கிறேன். என் நிலைமையை யோசித்தாயா? எனக்குத் தெரிந்ததை அரங்கு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டா உள்ளே வர முடியும்? அந்தக் கையை நீ பார்த்த அளவுக்கு நானும் பார்த்து வளர்ந்தவள்.

அந்த வாசலில் எனக்காகவும் அது அசைந்திருக்கிறது. தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்துப் பதிலுக்குக் கையசைத்தவள் நான். நீ எப்போதும் முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருப்பாய்.

சரி, இதை இத்தோடு விடுகிறேன்.

வீடியோவைப் பார், அதில் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினாய். பார்த்தேன், பலமுறை பார்த்தேன். சரியாக அந்த இடத்தில் கேமரா பாடகியின் முகத்துக்குப் போய்விடுகிறது. திரும்பி வரும்போது நீ அடுத்த அடிக்கு நகர்ந்துகொண்டிருக்கிறாய். அதனால் நீ செய்தாய் என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை, செய்யவில்லை என்பதற்கு உன்னிடமும் இல்லை. உன்னைக் காட்டியிருந்தாலும் அது அங்கே இருந்திருக்காது. அந்தப் பார்வைக்கு ஒரு பின்கதவு வேண்டும், கதவு வரை நாற்காலிகள் வேண்டும், அதில் திரும்பிப் பார்க்க மனிதர்கள் வேண்டும். திரையில் நீ எங்கேயோ பார்க்கிறாய் என்றுதான் தெரியும். நேரில் ஆடுவதை எழுதி வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். அன்று அங்கே இருந்தவர்கள் சொல்லாவிட்டால் அந்தக் கை நடந்ததாகவே இருக்காது.

ஆட்டத்தை விட்டவளுக்கு ஆடுகிறவளைப் பற்றி எழுதும்போது பொறாமை வராமல் இருக்குமா என்று நீ யாரிடமோ சொன்னதும் என் காதுக்கு வந்தது. நான் ஏன் விட்டேன் என்று தெரிந்த ஒரே ஆள் நீ. அந்த வார்த்தை வேறு யார் வாயிலிருந்து வந்திருந்தாலும் ஒரு நாளில் மறந்திருப்பேன். நான்கு நல்ல வார்த்தையும் ஒரு புகைப்படமும் போட்டுவிட்டுப் போகிற விமர்சனம்தான் உனக்கு வேண்டுமென்றால் அதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் வரிசையில் நின்று 'ரொம்ப நல்லா இருந்தது' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் நீ சிரிக்கிற சிரிப்பையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் உன்னைக் காயப்படுத்தவில்லை. உன்னை அவ்வளவு நேரம் பார்க்கவும் இல்லை.

இவ்வளவு எழுதிய பிறகும் ஜதியை முடிக்கிற உன் தீர்மான அடவுகள் தொடங்கினால் என் கால் நாற்காலிக்கு அடியில் தன்னால் தட்டும். அதை யாரும் நிறுத்த முடியாது. வர்ணத்தில் மூன்றாவது காலத்தின் வேகத்துக்குப் போவதற்கு முன் நீ மூச்சை எடுக்கிற இடம் எனக்குத் தெரியும், நானும் அங்கே எடுக்கிறேன். அன்று அந்த இடத்தில் உனக்கு மூச்சு முட்டியது. அதை நான் கட்டுரையில் எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. இப்போது முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

டிசம்பரில் வருவேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவேன். வழக்கமான வரிசையில் உட்காராமல், பக்கவாட்டில், தூணுக்கு இந்தப் பக்கம் உட்காருவேன். அங்கிருந்து உன் முகம் தெரியும், உனக்கு என் முகம் தெரியாது. முடிந்ததும் பின்னால் வரமாட்டேன். மற்ற உருப்படிகளைப் பற்றி எழுதுவேன், பிடிக்காததையும் எழுதுவேன். அந்தப் பதத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டேன். நான் என்ன பார்த்தேன் என்று தெரிய வேண்டுமென்றால் நீயே கூப்பிட்டுக் கேள், பழைய எண்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த இடத்தில் இந்த முறை நீ என்ன செய்யப் போகிறாய் என்று முன்கூட்டி யாரிடமும் சொல்லாதே. அறிவிப்பாளருக்கு ராகம், தாளம், இயற்றியவர் பெயர், இவ்வளவு மட்டும் எழுதிக் கொடு.

அன்புடன்,
நான்