பெற்றோர் கவனத்திற்கு: மழைக்காலமும் மாலைப் பயிற்சியும்

அன்புடையீர், வணக்கம். காலாண்டு விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்துவிட்ட நிலையில், வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீடிக்கும் என்பதால், கெடிலம் ஆற்றில் நீர் பெருகியுள்ள நாட்களில் பிள்ளைகள் கரையோரக் குறுக்குவழியைத் தவிர்த்துப் பாலத்தின் வழியாகவே வரும்படி கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சென்ற வாரம் ஒரு மாணவியின் மழைக்கோட்டு நுனி மிதிவண்டிச் சங்கிலியில் சிக்கி, கத்தரித்தே எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே முழங்காலுக்கு மேல் நிற்கும் மழைக்கோட்டே போதும்.

மாவட்ட ஆட்சியர் அறிவித்தால் மட்டுமே மழை விடுமுறை (போன வருடத்து விடுமுறை அறிவிப்பின் படத்தை இங்கே பகிர வேண்டாம்). நாடகம், பறையிசைப் பயிற்சிகள் மாலை 5.15 வரை நடப்பதால், அழைத்துச் செல்ல வருபவரின் பெயரை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவிக்கவும். பிள்ளைகளுக்கு எவராலும் தொல்லை நேர்ந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.