உனக்க இலக்கண நோட்ஸுக்கு ஒரு வழி

லேய் மக்கா,

சொகமா இருக்கியா? உனக்க கடிதம் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, அன்னைக்கே பதில் எழுதணும்னுதான் இருந்தேன், அதுக்குள்ள காலாண்டுப் பரிட்சை வந்துட்டு. அம்மைக்கு முட்டுவலி இப்ப தேவல, படி ஏறுதா. தக்கலைல நாலு நாளா விடாத மழ, ரப்பர் வெட்டு நின்னு போச்சு, தெரு முழுக்க ஆம்பிளையள் சாயக்கடைலதான் இருக்காங்க.

நீ எழுதியிருந்தது மனசுலயே கெடக்கு. பத்து வருஷமா சேத்து வச்ச இலக்கண நோட்ஸ், புது லேப்டாப்ல திறந்தா ஒக்க கிறுக்கலா வருதுன்னு சொன்னியே, அது பாமினில அடிச்சதுனால. அந்த ஃபான்ட்ல உள்ள கெடக்கது இங்கிலீஷ் எழுத்துதான், தமிழ் உருவத்த மேல போத்தி வச்சிருக்கு, ஃபான்ட் இல்லாத மெஷின்ல போர்வ விலகிப் போவும், அவ்வளவுதான். ஒண்ணும் அழிஞ்சு போகல, பயப்படாத. மொதல்ல யூனிகோடுக்கு மாத்து, அது எல்லா மெஷினும் ஒண்ணுபோல படிக்குத எழுத்து முறை, மாத்த கன்வெர்ட்டர் சும்மாவே கிடைக்கும். யூனிகோடுல 'கெ'ன்னு அடிச்சா கொம்பு முன்னால தெரிஞ்சாலும் உள்ள சேவ் ஆவது க மொதல்ல, எகரக் குறி பொறவு, நாம சொல்லுத வரிசைல. அதனால தேடுனா கிடைக்கும், எந்த போன்லயும் திறக்கும்.

ஆனா யூனிகோடு மட்டும் போதாது மக்கா, அதச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுதேன். மூணு வருஷத்துக்கு முன்ன பிளஸ் டூ மாடல் பரிட்சைக்கு வேர்டுல கேள்வித்தாள் அடிச்சு ஒரு பிரஸ்ல கொடுத்தேன், அவங்க மெஷின்ல திறந்தப்போ மேல இருந்த அடுக்கு எல்லாம் கீழ எறங்கிட்டு, எக்ஸ் ஸ்கொயர் வெறும் எக்ஸ் 2 ஆச்சு, யாரும் கவனிக்கல. ஹால்ல ஒரு பையன் எழுந்து சார் இது ரெண்டு எக்ஸா எக்ஸ் ரெண்டான்னு கேட்டான், அப்பதான் தாள வாங்கிப் பாத்தேன். ஒரு மணி நேரம் பிள்ளையள் தப்புக் கணக்கப் போட்டு மல்லுக்கட்டியிருக்கு. அன்னைக்கு ராத்திரி ஒறங்கல.

அதுக்குப் பொறவுதான் லாடெக் படிக்கத் தொடங்குனேன், கணக்கெல்லாம் ஒடையாம பக்கத்த அச்சுக்குக் கோத்துத் தருத மென்பொருள் அது. இதுக்க மூலம் டெக், டொனால்ட் நூத்துன்னு ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி செஞ்சது. அவருக்க புத்தகத்துக்க ரெண்டாம் பாகம் மறுபதிப்பு வரும்போ, 1977-ல, அச்சுக் கோத்து வந்த ப்ரூஃபப் பாத்துட்டு மனசு கேக்காம நானே ஒண்ணு செய்யேன்னு எறங்குனவரு. ஒரு வருஷத்துல முடியும்னு நெனச்ச வேல பத்து வருஷம் கிட்ட இழுத்துட்டு. அதுக்கு மேல லெஸ்லி லாம்போர்ட் எண்பதுகள்ல கட்டுனதுதான் லாடெக். 2002-ல டெக் ஆட்களுக்க உலக மாநாடே நம்ம திருவனந்தபுரத்துலதான் நடந்துருக்கு பாத்துக்க, அப்ப நாம ரெண்டுபேரும் பி.எட். படிச்சிட்டு இருந்தோம், அந்த ஊருக்கு எத்தன தடவ பஸ்ல போயிருக்கோம், ஒண்ணும் தெரியாமப் போச்சே.

வேல எப்பிடின்னா, எழுத்து பெருசா இருக்கணும், கறுப்பா இருக்கணும், நடுவுல வரணும்னு நாம சொல்லதில்ல. இது தலைப்பு, இது கேள்வி, இது விடைன்னு சொன்னாப் போதும், எப்பிடித் தெரியணும்ங்கது வேற எடத்துல ஒரே ஒருக்க எழுதி வச்சிருக்கும். பின்னம் வேணும்னா பேக்ஸ்லாஷ் போட்டு ஃப்ராக்னு எழுதி, ரெண்டு நெளிவு அடைப்புல மேல உள்ளதும் கீழ உள்ளதும். கேள்வித்தாளுக்குன்னே எக்ஸாம்னு ஒரு கிளாஸ், அதாவது லாடெக்ல ஆயத்தமா உள்ள ஒரு அமைப்பு, இருக்கு, கேள்விக்குப் பக்கத்துல சதுர அடைப்புல 5-ன்னு மார்க் போடலாம், விடையையும் அங்கேயே கீழ எழுதி வைக்கலாம். பிள்ளையளுக்கு அச்சடிக்கும்போ விடை வராது, மேல ஒரே ஒரு வரி சேத்தா அதே ஃபைல் விடைக்குறிப்போட வரும். முன்ன ரெண்டு ஃபைல் வச்சு, ஒண்ணுல திருத்துனத மற்றதுல மறந்து, அந்தப் பாடு எனக்கு இப்ப இல்ல.

இதெல்லாம் எனக்க சௌகரியம்தான். மனசுல நின்னது வேற. போன வருஷம் எனக்க கிளாஸ்ல கண்பார்வ ரெம்பக் கொறஞ்ச ஒரு பிள்ள இருந்துது. அதுக்கு கேள்வித்தாள ஜெராக்ஸ் கடைல பெருசாக்கிக் கொடுப்பேன், பெருசாக்குனா எழுத்து பரந்து மங்கிப் போவும், பிள்ள ஜன்னல் பக்கம் போயி தாள மூக்குல முட்டத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சு, ஒரு வரி வாசிச்சுட்டு வந்து எழுதும், திரும்பப் போவும். அடுத்த பரிட்சைக்கு அதே ஃபைல்ல எழுத்து அளவ மட்டும் மாத்துனேன். வரியெல்லாம் தானே மடங்கி, பின்னம் ஒண்ணும் ஒடையாம, பத்து பக்கம் தெளிவா வந்துது. அன்னைக்கு அந்தப் பிள்ள பெஞ்சுல இருந்த எடத்துல இருந்தே மூணு மணி நேரமும் எழுதிச்சு. நான் வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன்.

உனக்கு லாடெக் வேண்டாம். கணக்கு எழுதுத ஆளுக்குத்தான் அது, உனக்கு மார்க்டவுன் போதும், சாதா எழுத்துக்கு நடுவுல சின்னச் சின்ன குறி போட்டு தலைப்பு, தடிப்பெல்லாம் காட்டுத முறை, 2004-ல ஜான் க்ரூபர் வெளியிட்டது, ஒரு சாயங்காலத்துல படிச்சிரலாம். வெறும் நோட்பேட்ல ஒரு ஹேஷ் (#) போட்டு 'புணர்ச்சி'ன்னா பெரிய தலைப்பு, ரெண்டு ஹேஷ் போட்டா உட்தலைப்பு, சொல்லுக்கு ரெண்டு பக்கமும் ரெவ்வெண்டு நட்சத்திரம் போட்டா தடிச்ச எழுத்து. ஒண்ணு மட்டும் கவனி, நீ நூற்பாவ நாலு வரியா அடிச்சாலும் அது நாலையும் ஒரே வரியா ஒட்டிரும், செய்யுள உரைநடையா பாத்தா உனக்குப் பொறுக்காது. அதுக்கு ஒவ்வொரு அடிக்கும் முன்னால ஒரு செங்குத்துக் கோடும் (|) ஒரு இடைவெளியும் போடு, பாண்டாக்னு ஒரு மென்பொருள் அத அடி அடியாவே வைக்கும். இந்த பாண்டாக்தான் ஒரே ஃபைல வேர்டாவும், வெப் பக்கமாவும், பிடிஎஃப்பாவும் மாத்தித் தரது. பிடிஎஃப் எடுக்கும்போ இன்ஜின் ஸீலாடெக்னு, அது லாடெக்லயே யூனிகோடு எழுத்த நேரா எடுக்குத ஒரு வகை, சொல்லி, நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஒரு ஃபான்ட் பேரும் கொடுக்கணும், சும்மா விட்டா தமிழ் எழுத்து வராம எரர்தான் வரும். நான் இதுல ரெண்டு ராத்திரி போக்கியாச்சு, உனக்கு அந்தப் பாடு வேண்டாம்.

புணர்ச்சிப் பாடம் ஒண்ணு மட்டும் மொதல்ல அனுப்பு, பாமினிலயே இருக்கட்டும். நான் மாத்தி, மூல ஃபைலும் பிடிஎஃப்பும் சேத்து அனுப்புதேன், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சுப் பாரு, எது எதுவா மாறுதுன்னு தானே தெரியும். மிச்சப் பாடத்த பொங்கலுக்கு வரும்போ இருந்து சேந்து செய்வோம். வீட்டுக்குப் பொறத்தால மட்டி வாழ கொல தள்ளியிருக்கு, அப்பத்துக்கு வெட்டாயிரும். பிள்ளையளையும் கூட்டிட்டு வா, அம்ம எப்பவும் கேக்குதா.

உனக்க பழைய பெஞ்சுக்காரன்