மிரட்டல் நாட்களில் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரச் சேகரங்களில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைத் தொகுதிகளில்) வெள்ளிக்கிழமை உபவாச ஜெபங்களையும் மாதக் கூட்டு ஜெபங்களையும் நடத்தும் ஐயர்மாருக்கும், சபை ஊழியர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவிகளுக்கும்,

ஸ்தோத்திரம்.

வடக்கே எங்கோ ஆராதனையைத் தடுத்தார்கள், ஒரு போதகரைக் கைது செய்தார்கள் என்று செய்தி வந்த வாரத்தில் நம் ஜெபக்கூட்டங்கள் நிரம்பிவிடுகின்றன. வருகிறவர்களின் கண்ணீர் உண்மையானது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ஏறெடுக்கப்படுவது என்ன? "சத்துருவின் கோட்டை நொறுங்கட்டும்" என்ற ஒரே விண்ணப்பம், வெவ்வேறு குரல்களில், வரவர உரக்க. பகைக்கு நடுவே குடியிருந்து, அடுத்த நாள் காலையில் அதே தெருவில் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டிய ஜனத்துக்கு இது போதாது. ஜெபத்தின் அடுக்கை மாற்றித் தாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

அடுக்கு நமக்கு ஏற்கனவே கொடுக்கப்பட்டிருக்கிறது. யூதரின் உயர் மன்றமான ஆலோசனைச் சங்கத்தின் மிரட்டலைக் கேட்டுவிட்டு பேதுருவும் யோவானும் திரும்பி வந்தபோது சபை செய்த ஜெபம், அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தில் 24 முதல் 30 வரை ஏழே வசனங்கள். வானத்தையும் பூமியையும் கடலையும் உண்டாக்கினவர் என்று தேவனை அழைப்பதில் தொடங்குகிறது. பிறகு 2ஆம் சங்கீதம். பிறகு அந்தச் சங்கீதத்துக்குள் தங்கள் நிலைமையை வைத்து, ஏரோது, பொந்தியு பிலாத்து என்று பெயர் சொல்லுகிறார்கள். இப்படி ஐந்து வசனங்கள் கடந்த பிறகுதான் விண்ணப்பமே வருகிறது. அதிலும் மிரட்டலைப் பற்றி "அவர்கள் பயமுறுத்தல்களை தேவரீர் கவனித்து" என்பதோடு சரி. மிரட்டினவர்களை என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் ஆண்டவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தங்களுக்குத் தைரியத்தையும், பிணியாளிகளுக்குச் சுகத்தையும் கேட்டார்கள். நம் கூட்டங்களிலோ முதல் நிமிடமே விண்ணப்பம். சங்கீதம் வாசிக்க நேரம் இருப்பதில்லை.

ஒரு மணி நேரம் கூடுகிறீர்கள் என்றால், நடந்த செய்தியைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஒருவர் மட்டும், எழுதி வைத்த துண்டுச் சீட்டைப் பார்த்துச் சொல்லட்டும்: எந்த ஊர், எந்தத் தேதி, என்ன நடந்தது, யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இந்த நான்கில் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்தச் செய்தியை விட்டுவிடுங்கள். பழைய படங்கள் புதிய தலைப்போடு வாட்ஸ்அப்பில் மறுபடி மறுபடி சுற்றி வருகின்றன. உறுதி செய்யாத பழியை ஜெபமாகச் சொன்னாலும் அது பொய்ச்சாட்சிதான். ஒன்பதாம் கற்பனைக்கு ஜெபக்கூட்டத்தில் விலக்கு இல்லை.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. 1903ல் இந்திய மிஷனெரி சங்கம் திருநெல்வேலியில் தொடங்கிய நாள் முதல், இந்த மண்ணின் பிள்ளைகள் வெளி மாநிலங்களில் ஊழியம் செய்கிறார்கள். அவர்களைப் பெயர் சொல்லித் தாங்குவது நம் சபைகளின் அழகான பழக்கம். ஆனால் ஒடிசாவில் 1967லிருந்தும், மத்தியப் பிரதேசத்தில் 1968லிருந்தும், உத்தரப்பிரதேசத்தில் 2021லிருந்தும் மதமாற்றத் தடைச் சட்டங்கள் இருக்கின்றன. "இன்ன கிராமத்தில் பத்துக் குடும்பங்கள் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள்" என்று இங்கே ஒருவர் உற்சாகமாக மைக்கில் சொல்ல, அது நேரலையில் போனால், அங்கே ஒருவர்மேல் புகார் எழுத அந்த ஒரு நிமிடக் காணொளி போதும். ஆகவே மன்றாட்டு தொடங்கும்போது நேரலையை நிறுத்துங்கள். மன்றாட்டில் ஊழியம் நடக்கும் ஊரின் பெயர் வேண்டாம், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களின் பெயர் வேண்டவே வேண்டாம். தேவனுக்கு முகவரி தெரியும்.

சங்கீதத்துக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள். இரு பக்கமாகப் பிரிந்து மாறி மாறி வாசிக்கலாம். தாக்கப்பட்டவர்களுக்காகக் கூடுகிற நாளில் 44ஐ எடுங்கள். உடன்படிக்கைக்குத் துரோகம் செய்யாதவர்கள்மேல் வந்த அடியைப் பற்றிய அழுகை அது. அதன் 22ஆம் வசனத்தைத்தான் பவுல் ரோமர் 8ல் எடுத்து எழுதுகிறார். 109, 137 போன்ற சாபச் சங்கீதங்களை ஒதுக்க வேண்டியதில்லை. ஆத்திரத்தை ஆண்டவரிடம் கொட்டிவிட்டு, பழிவாங்குதலை அவரிடமே விட்டுவரும் இடம் அது. ஆனால் அவற்றை மைக்கில் முழங்காதீர்கள். ஒரே குரல் மெதுவாக வாசிக்கட்டும். முடிந்ததும் மூன்று நிமிடம் அமைதி. கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம். நடத்துகிறவருக்கு அது நீளமாகத் தோன்றும், நாற்பதாம் விநாடியில் யாராவது பாட்டு எடுத்துவிடுவார்கள். முன்பே சொல்லிவைத்தால் இது நடக்காது.

பாவ அறிக்கை எங்கே வர வேண்டும் என்பதில் கவனம் வேண்டும். "நம் பாவத்தினால்தான் இது வந்தது" என்று அடிபட்டவர்கள் முன்னால் சொல்வது, யோபுவின் சிநேகிதர்கள் செய்த தவறு. புலம்பல் முடிந்த பிறகே அறிக்கை வரட்டும். அடிபடாத நாம் நமக்காகச் செய்வதாக இருக்கட்டும். நம்மிடம் அறிக்கை செய்ய நிறையவே இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் இனத்துக்கு வெளியே நிறுத்தியிருப்பதை அநீதி என்கிறோம், சரியே. அதே வாயால், பெண் எடுக்கும்போதும் கல்லறைத் தோட்டத்திலும் சேகரத் தேர்தலிலும் நாம் சாதி பார்ப்பதை அறிக்கை செய்ய வேண்டாமா? பேதுரு முதலாம் நிருபம் 4:15-16ல் இரண்டையும் பிரித்தே எழுதுகிறார்: பொல்லாப்பு செய்து படும் பாடு வேறு, கிறிஸ்தவனாயிருப்பதினால் படும் பாடு வேறு. சபைக் கணக்கு வழக்கில் வந்த நோட்டீஸை "உபத்திரவம்" என்று ஜெபக் குறிப்பில் எழுதாதீர்கள்.

பகைவருக்கான ஜெபம்தான் நம்மிடம் மிகவும் மெலிந்துபோனது. புதன், வெள்ளி உபவாசத்தைச் சொல்லும் திதாகே என்ற ஆதிச் சபை நூல், உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காக உபவாசியுங்கள் என்றும் சொல்கிறது. நாம் வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டு இதை விட்டுவிட்டோம். "அவர்கள் மனந்திரும்பட்டும்" என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல், ஆராதனையைத் தடுக்க வந்த வாலிபனுக்கு வேலை கிடைக்கவும், அவன் தாயின் சுகத்துக்கும், வழக்கை விசாரிக்கும் ஆய்வாளரின் நேர்மைக்கும் கேளுங்கள். ஒரு சமயத்தார் முழுவதையும் குற்றவாளியாக்கும் சொல் ஜெபத்தில் வரக்கூடாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே இலங்கையின் வடமேற்கில், அந்தக் கொலையில் எந்தப் பங்கும் இல்லாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. துக்கம் எவ்வளவு சீக்கிரம் திசை மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மன்னிப்பதென்றால் புகார் கொடுக்கக் கூடாது என்று சிலர் போதிக்கிறார்கள். தவறு. 1999 ஜனவரி 22 நள்ளிரவில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனெரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு மகன்களும் எரித்துக் கொல்லப்பட்டபோது, அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார் மன்னித்தேன் என்றார்; வழக்கும் நடந்து 2003ல் தண்டனை வந்தது. பவுல் பிலிப்பியில் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி நியாயம் கேட்டார், பின்பு இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, அபயமிட்டார். எனவே கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். நம் பகுதியிலேயே ஒன்று நடந்தால் காவல் நிலையத்துக்கு யார் இருவர் போவது? முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். கேட்டு வாங்க வேண்டும். மத வழிபாட்டுக் கூட்டத்தைக் கலைப்பது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 300ஆம் பிரிவின்கீழ் குற்றம். இதைத் தெரிந்த ஒருவர் சேகரத்துக்குச் சேகரம் இருக்கட்டும்.

ஒலிபெருக்கி பற்றியும் ஒரு சொல். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்காக ஜெபிக்க முடியாது. ஹாரன் பெட்டியை இறக்கிவிடுங்கள்.

மன்றாட்டுக்கு ஒரு வடிவம் கீழே. நடத்துகிறவர் சொல்லச் சொல்ல, சபையார் ஒவ்வொரு முறையும் "கர்த்தாவே, கவனித்தருளும்" என்று சொல்லட்டும்.

வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரே, பயத்தோடு கதவைத் தாழிட்டு ஆராதிக்கிற உமது பிள்ளைகளை,
சிறையிலும் மருத்துவமனையிலும் இந்த இரவைக் கழிக்கிறவர்களை,
எங்களை வெறுக்கிறவர்களின் வீடுகளை, அவர்கள் அடுப்பை, அவர்கள் பிள்ளைகளை,
அதிகாரத்தில் இருக்கிறவர்களை, சாட்சி சொல்லத் தயங்குகிறவர்களை,
நாங்கள் தள்ளிவைத்திருக்கிற எங்கள் சகோதரரை,
நாளை அதே தெருவில் நடக்கப்போகிற எங்கள் கால்களை.

வரிகளை உங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். குறிப்புகள் ஆறுக்கு மேல் போக வேண்டாம். கூட்டம் முடிந்ததும், பெயர்கள் எழுதிய சீட்டுகளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.

ஜெப ஒழுங்குகளை ஆயத்தம் செய்யும் சபையார் சிலர்