மோகனுக்கு, பிலிம் கழுவுவது பற்றி

பெரம்பூர்,
ஏப்ரல்

அன்புள்ள மோகன்,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். கோபம் இருந்தால் மே மாதம் நேரில் தீர்த்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பாலு மறுபடியும் வீடு மாறிவிட்டான். இந்த முறையும் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவனைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் பிலிமை வீட்டிலேயே கழுவ ஆரம்பித்துவிட்டேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கறுப்பு வெள்ளை ரோலை வாங்கிக்கொண்டிருந்த லேப் போன வருடம் கைவிரித்துவிட்டது. வெளியூருக்கு அனுப்பினால் கூலி ஒரு பக்கம், கூரியர் ஒரு பக்கம். கழுவி வருவதற்குள் எதை எடுத்தோம் என்பதே மறந்துபோகிறது.

"உன் வீட்டில் பீரோ வைக்கவே இடமில்லை, இருட்டறைக்கு எங்கே போனாய்?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. இருட்டறையே வேண்டாம், மோகன். சினிமாவில் வரும் அந்தச் சிவப்பு பல்பு அறை பிரிண்ட் போடுவதற்கு. பிரிண்ட் தாளுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது. பிலிமுக்கு எல்லா நிறமும் உறைக்கும், அதனால் அதற்குக் கும்மிருட்டுதான் வேண்டும். ஆனால் எவ்வளவு நேரம்? ரோலை டேங்குக்குள் போகும் சுருள் சட்டத்தில் ஏற்றி, வெளிச்சம் புகாத அந்த டேங்கை மூடும் வரைக்கும்தான். அதற்கு ஒரு கறுப்புப் பை போதும். இரண்டடுக்குத் துணி, இரண்டு ஜிப், கை நுழைக்க எலாஸ்டிக் வைத்த இரண்டு கைப்பகுதி, அவ்வளவுதான். டேங்க் மூடியாகிவிட்டால் மற்றதெல்லாம் ட்யூப்லைட் வெளிச்சத்தில், சமையல் மேடையில். மூடியின் நடுவிலிருக்கும் புனல் வழியாக மருந்து இறங்கும், வெளிச்சம் இறங்காது. அந்த மூடியைச் செய்தவர் கையில் ஒரு மோதிரம் போடலாம்.

இந்த ஊரில் பைக்குள் கை விட்டால் இரண்டாவது நிமிடத்தில் வியர்க்கிறது. ஈரம் பட்டால் பிலிமின் மேல் பூசிய ஜெலட்டின் பிசுபிசுத்து, பிலிம் சுருளின் பாதியிலேயே நின்றுகொள்ளும், ஒரு அங்குலம் நகராது. அதனால் நான் இரவு பத்து மணிக்கு மேல்தான் உட்காருகிறேன். ஃபேனை முழு வேகத்தில் வைத்து, கைக்குப் பவுடர் போடாமல் துடைத்துக்கொண்டு (பவுடர் பிலிமில் ஒட்டும்), சுருளை அன்று காலையிலேயே வெயிலில் காயவைத்திருப்பேன்.

படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தையும் (டெவலப்பர்) நானே கலக்குகிறேன். கோடாக் 1927இல் கொண்டுவந்த டி-76, அதன் செய்முறை அப்போதிருந்தே எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. பாரிமுனைப் பக்கத்து ரசாயனக் கடையில் நான்கையும் வாங்கிவிட்டேன். 50 டிகிரி வெந்நீரில் ஒவ்வொன்றாகக் கரைக்க வேண்டும், வரிசை முக்கியம். சல்பைட் நிறைய விழுந்த தண்ணீரில் மெட்டால் கரையாமல் முரண்டு பிடிக்கும். அதனால் முதலில் ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால், அப்புறம்தான் மீதி. ஓர் இரவு ஆறவிட்டு மறுநாள் எடுத்தால் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். கெமிஸ்ட்ரி லேபில் நீ பிப்பெட்டை வாயில் வைத்துக்கொண்டு கோபால் சாரிடம் மாட்டியது ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது.

இன்ஸ்டன்ட் காபியிலும் கழுவலாம் தெரியுமா? வாஷிங் சோடாவும் வைட்டமின் சி-யும் கூடச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் ராச்செஸ்டரில் ஒரு கல்லூரி வகுப்பில் 1995இல் காபியை வைத்துச் செய்து பார்த்தார்கள், வேலை செய்தது. தேயிலையில் செய்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஊட்டி மலையில் அதற்குப் பஞ்சமில்லை. நாற்றம் மட்டும் தாங்காது என்கிறார்கள். தங்கச்சி நம் இருவரையும் வெளியே தள்ளிவிடுவாள்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். இருட்டு ஒரு பிரச்சினையே இல்லை. சூடுதான் பிரச்சினை.

உலகம் முழுக்க எல்லா அட்டவணையும் 20 டிகிரிக்கு எழுதியது. இல்ஃபோர்ட் கம்பெனியின் எச்பி5 கறுப்பு வெள்ளை ரோலை அவர்களுடைய ஐடி-11 டெவலப்பரில் (டி-76க்கு அண்ணன் தம்பி முறை) ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 13 நிமிடம். 24 டிகிரி என்றால் ஒன்பதுக்குப் பக்கம் வந்துவிடும். என் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் இப்போது 33! அந்தச் சூட்டில் தண்ணீர் கலக்காத மருந்தை ஊற்றினால் மூன்று நிமிடம்கூட ஆகாது. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் மருந்து ஊற்றி முடிப்பதற்குள் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும், வானமெல்லாம் திட்டுத் திட்டாக வரும். இன்னொன்றும் உண்டு. சூட்டில் ஜெலட்டின் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும், நகம் பட்டால் வழித்துக்கொண்டு வரும். டெவலப்பர் ஒரு சூட்டிலும் அடுத்து வரும் தண்ணீர் வேறு சூட்டிலும் இருந்தால் படம் முழுக்க வலைப்பின்னல் விழும்.

ஆக, மருந்து, ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), கழுவும் தண்ணீர் மூன்றையும் ஒரே டப்பில் நிறுத்தி, பாலித்தீன் பையில் ஐஸ் கட்டிப் போட்டு, தெர்மாமீட்டரோடு காவல் இருக்கிறேன். 24க்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவதுதான் இங்கே முடிகிறது. கழுவுவதும் ஓடும் குழாயில் இல்லை. நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பிப் பத்து, மறுபடி நிரப்பி இருபது. இல்ஃபோர்ட் சொல்லிக்கொடுத்த வழி. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊருக்கென்றே யோசித்தது போல இருக்கிறது. கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர், இல்லையென்றால் போர் தண்ணீரின் உப்பு பிலிமில் பூத்துவிடும்.

ஹைப்போவைச் சாக்கடையில் கொட்டுவதில்லை. படத்தில் வேண்டாத வெள்ளியெல்லாம் அதில்தான் கரைந்து நிற்கிறது. (வெள்ளி உப்பைக் கரைக்கும் இந்தக் குணத்தை ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டிருக்கிறார், போட்டோ என்ற ஒன்று உலகுக்கு வருவதற்கு முன்பே.) பழைய ஹைப்போவில் இரும்பு நார் போட்டு வைத்தால் இரும்பு கரைந்து வெள்ளி கசடாகக் கீழே இறங்குகிறது. ஒரு ஜாடியில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இத்தனை பாட்டும் உனக்கு எதற்கு என்றால், உன் வீட்டுக் குழாயில் 20 டிகிரித் தண்ணீர் சும்மா கொட்டுகிறது! டிசம்பரில் அதற்கும் கீழே போகும், அப்போது கொஞ்சம் வெந்நீர் கலந்தால் ஆயிற்று. அவ்வளவு குளிரில் ஹைட்ரோகுவினோன் தூங்கிவிடும். அந்தத் தண்ணீரில் நீ பாத்திரம் விளக்குகிறாய். வயிறு எரிகிறது.

இனி விளையாட்டில்லை, மோகன்.

மாம்பலத்தில் ஒரு பழைய ஸ்டூடியோவை ஒழித்தபோது எனக்கு ஒரு ரோல் கிடைத்தது. 120 என்ற அகல அளவு, கறுப்பு வெள்ளை, உறை பிரிக்காதது. பிராண்ட் பெயர் இந்து. ஆமாம், உங்கள் இந்துநகர் இந்துதான். ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று அட்டையில் இருக்கிறது. காலாவதித் தேதி எந்தக் காலத்திலோ போய்விட்டது.

1960இல் அந்தக் கம்பெனியைத் தொடங்கி, தூசியில்லாத குளிர்ந்த ஊர் வேண்டுமென்று உதகைக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எத்தனை எக்ஸ்ரே அந்த மலையில் பூசிய பிலிமில் எடுத்தது! நான் டேங்கைக் கையில் வைத்துக் கவிழ்க்கும்போதெல்லாம் உன் அப்பா நினைவுதான். நான் இருட்டில் இருப்பது சில நிமிடம். அவர் அந்த ஆலையில் ஷிப்ட் முழுக்க இருட்டில் நின்றவர். எதிரே வருபவர் மோதாமலிருக்க விசிலடித்துக்கொண்டே நடப்போம் என்று நமக்குச் சொல்வாரே. ஆலை மூடிய பிறகு அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ரோலை என் யாஷிகா கேமராவில் போட்டு, ஊட்டியிலேயே எடுத்து, உன் சமையலறையில் அவர் எதிரிலேயே கழுவ ஆசை. பழைய பிலிம் என்பதால் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு) கணக்கில் வெளிச்சம் கூடக் கொடுப்பேன், புகைமூட்டம் அடங்க டெவலப்பரில் பென்சோட்ரையசோல் கொஞ்சம் சேர்ப்பேன். 120 ரோலில் பிலிமைத் தாளோடு ஒட்டியிருக்கும் டேப்பை இருட்டில் மெதுவாக உரிக்க வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் மின்பொறி பறந்து பிலிமில் பதியும். இதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சுருளில் ஏற்றுவதை அவர் கையாலேயே செய்ய வேண்டுமென்று நினைக்கிறேன்.

பயமும் இருக்கிறது. ஒன்றுமே வராமல் பிலிம் முழுக்கச் சாம்பலாக வரலாம். அது அவரை என்ன செய்யும்? இல்லை, படம் நன்றாக வந்துவிட்டால்தான் மனது அதிகம் கஷ்டப்படுமோ? தினமும் பக்கத்தில் இருப்பவன் நீ, உனக்குத்தான் தெரியும். என் ஆசைக்காக அவரைச் சங்கடப்படுத்த மாட்டேன். வேண்டாம் என்று நீ சொன்னால் அந்த ரோலைப் பற்றி அங்கே வாயே திறக்க மாட்டேன். என் எச்பி5 ரோல்களை மட்டும் கழுவிக்கொண்டு, உன்னுடைய அந்தக் குன்னூர் கதையைத் தங்கச்சியிடம் முழுதாகச் சொல்லிவிட்டுத் திரும்புவேன்.

மே முதல் வாரம் நீலகிரி எக்ஸ்பிரஸில் கிளம்புகிறேன். பை, டேங்க், மருந்து எல்லாம் நான் கொண்டுவருகிறேன். நீ ஒரு வாளி, இரண்டு பழைய பாட்டில், துணி காயப்போடும் கிளிப் நான்கு எடுத்து வை. குளியலறையில் நெகட்டிவைத் தொங்கவிட்டால் இரண்டு மணி நேரம் யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் இப்போதே சொல்லிவிடு. காலையிலும் மத்தியானமும் குழாய்த் தண்ணீர் எத்தனை டிகிரி என்று பார். அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்பதை உன் பொறுப்பில் விடுகிறேன். இரண்டுக்கும் இந்த வாரமே பதில் எழுது, டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
ரவி