கண்மாயை வானத்திலிருந்தும் பாருங்கள், மடையிலிருந்தும் பாருங்கள்

மதுரை மாவட்ட நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்ப் பாசன விவசாயி. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் ஊருக்கு மேல் வருகிறது. படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். எந்தக் கண்மாயில் எவ்வளவு பரப்புக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதை இதை வைத்தே ஊருக்கு ஊர் சொல்லிவிடலாம்.

ஆனால் படத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு கார்த்திகையில் எங்கள் கண்மாய் படத்தில் பாதிதான் தண்ணீராகத் தெரிந்தது. மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் எங்கள் ஊர் நீர்பாய்ச்சிப் பெரியவரிடம் போனைக் காட்டினேன். மேற்கு மூலையில் விரலை வைத்து, "இது தரை இல்ல தம்பி, ஆகாயத்தாமரை. அடியில இடுப்பளவு தண்ணி கெடக்கு" என்றார். அப்புறம் மடைக்குக் கூட்டிப்போய், தூணின் குறுக்குக்கல் முங்க ஒரு சாண்தான் பாக்கி என்று காட்டினார். அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், இலை திருப்பி அனுப்பும். அதனால் இலை மூடிய தண்ணீர் தரைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வேறு மறைக்கும். சென்டினல்-1 என்ற இன்னொரு செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், சரி. தண்ணீருக்குள் சீமைக் கருவேலம் நின்றால் அதுவும் தடுமாறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் அகலம்தான் தெரியும், ஆழம் தெரியாது. வண்டல் மேடிட்ட கண்மாயும் படத்தில் பெருகித்தான் கிடக்கும். வயலுக்கோ முழுப் போகத்துக்கும் தண்ணீர் காணாது.

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். செயற்கைக்கோள் கடக்கும் நாளில், மடைத்தூணில் தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்று நீர்பாய்ச்சி குறித்து வைக்கட்டும். அந்தக் குறிப்பையும் படத்தின் பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். இரண்டு மூன்று வருஷம் சேர்ந்தால், எவ்வளவு பரப்புக்கு எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு ஒவ்வொரு கண்மாய்க்கும் பிடிபட்டுவிடும். எதை முதலில் தூர்வாருவது என்பதில் சண்டையும் குறையும்.

ஆக்கிரமிப்பைப் பார்க்க 1984 முதலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் உதவும். புள்ளி பெரிது, 22 சென்ட். சின்ன ஊருணிக்கு ஆகாது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த வருஷங்களை மட்டும் ஒப்பிடுங்கள். வறண்ட வருஷத்தில் எந்தக் கண்மாயும் சுருங்கித்தான் தெரியும்.

பங்குனியில் தரை தெரியும்போது தூணில் அளவுக்கோடு போட்டுவிட்டால் ஐப்பசித் தண்ணீரிலிருந்தே குறிக்கத் தொடங்கலாம். எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் பெயிண்ட் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.