உப்புக்காற்றும் டபுள் பேரலும்: கடலோர லைசென்ஸ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று இராமநாதபுரம் கடலோரம் முழுக்க லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருக்கும் அண்ணன்மார், மாமன் மச்சான்கள், பாய்மார்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறோம். முடிந்ததும் வாங்கி வருகிறோம். வாங்கி வந்த அன்று சாயங்காலமே டீக்கடையில் உட்கார்ந்து, "கொடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்துச்சு, திரும்பி வரும்போது பாரு, துரு ஏத்திக் கொடுத்துட்டாங்க" என்று ஆரம்பித்துவிடுகிறோம். இந்தப் புலம்பலில் பாதி நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம்மில் நிறையப் பேருடைய துப்பாக்கி ஸ்டேஷன் படி ஏறும்போதே துருவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் போகிறது.

எனக்குத் துப்பாக்கிப் பைத்தியம் உண்டு என்பது ஊரில் தெரியும் என்பதால், யார் வீட்டில் குழல் கறுத்தாலும் ஆள் விடுவார்கள், நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அப்படி ஒரு வீட்டில் ரெக்சின் உறையை மேசையில் வைத்தார்கள், ஜிப் பச்சை பூத்துத் திறக்கவே மறுத்தது, இடுக்கி போட்டு இழுத்துத் திறந்தால் உள்ளே பழைய 12 போர் டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் துப்பாக்கி, குழலின் அடிப்பக்கம் முன்கட்டைக்கு (குழலுக்குக் கீழே கை பிடிக்கிற மரத்துண்டுக்கு) சற்று மேலே நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் பழுப்பு நிறத்தில் அச்சாகப் பதிந்து கிடந்தது. ரேகை வரி வரியாகத் தெரிந்தது. வியர்வை உப்பு இரும்பைத் தின்ற தடம் அது. வீட்டுக்காரர் வழக்கம்போல ஸ்டேஷனைத் திட்டினார். அந்தக் கை ஒப்படைத்தவர் கையா, துப்பாக்கி எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்ட ஸ்டேஷன் ரைட்டர் கையா என்று ரேகை நிபுணரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் யார் கையாக இருந்தாலும், இரும்புக்கு மேல் நல்ல எண்ணெய்ப் படலம் ஒன்று இருந்திருந்தால் அந்த ரேகை அங்கே விழுந்திருக்காது.

நம் ஊர்க் காற்று அப்படி. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா, கச்சான் அடித்தாலும் உப்பு, வாடை அடித்தாலும் உப்பு. உப்பு இரும்பின் மேல் படிந்தால் சும்மா இருக்காது, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தன்மேல் வைத்துக்கொள்ளும், மழையே பெய்யாவிட்டாலும் இரும்பு நனைந்தபடிதான் இருக்கும். 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தை ரயில்வே சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்தே காப்பாற்றி வந்தது, அப்படியும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்கிற துருத்தடுப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ரயில்வேக்கே அந்தப் பாடு என்றால், பீரோவுக்கு மேல் ரெக்சின் பையில் தூங்கும் நம் தாத்தா காலத்துத் துப்பாக்கி எம்மாத்திரம்.

முதல் வேலையாக அந்த உறையைத் தூக்கிப் போடுங்கள். வெளியூர் போகும்போது துப்பாக்கியைக் கொண்டுபோகத்தான் உறை, வைத்துப் பூட்ட அல்ல. ரெக்சின் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். தோல் உறை அதைவிட மோசம், தோலைப் பதனிடும்போது போட்ட உப்பும் அமிலமும் அதிலேயே இருக்கும், ஈரத்தையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்புப் பெட்டியிலோ பீரோவிலோ உறையில்லாமல் நிறுத்தி, ஓரத்தில் ரெண்டு மூணு பொட்டலம் சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறுகிற வகையாகப் பார்த்து வாங்கினால் நல்லது, நீல மணி வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்தால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், லேசாகச் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் இதை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள் என்று எத்தனை பேரிடம் சொல்வது? நாளானால் அது பிசினாகி ஆக்ஷனுக்குள், அதாவது டிரிகரை ஒட்டிய இயக்கப் பகுதிக்குள், ஒட்டிக்கொள்ளும், டிரிகர் இழுத்தால் திரும்பி வராது. தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் மெலிசு, நம் காற்றுக்குத் தாக்குப்பிடிக்காது. டபிள்யூ.டி. 40 அடித்துவிட்டேன், கவலையில்லை என்கிறவர்களுக்கு: அது ஈரத்தை விரட்ட நல்லது, இறுகிய திருகைக் கழற்ற நல்லது, மாதக்கணக்கில் காவல் காக்க அது போதாது. அதை அடித்துத் துடைத்துவிட்டு, மேலே சரியான துப்பாக்கி எண்ணெய் போட வேண்டும். பழைய ஆட்கள் ராங்கூன் ஆயில் என்று ஒன்று வைத்திருப்பார்கள், கொஞ்சம் கனமாக இருக்கும், கடலோரத்துக்கு எனக்குத் தெரிந்து அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. குழலுக்குள் சுத்தம் செய்யும்போது பித்தளை பிரஷ்ஷைத் தோட்டா போடுகிற பக்கமிருந்து தள்ளி வாய்ப்பக்கம் எடுங்கள், பிறகு வெள்ளைத் துணி, துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை, கடைசியாக எண்ணெய்த் துணி. சுடுவதற்கு முன்னால் அந்த எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எண்ணெய் போட்ட துப்பாக்கியை வாய் மேலே பார்க்க நிறுத்தி வைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். எண்ணெய் மெல்ல மெல்ல இறங்கி ஆக்ஷனில் தேங்கும், அங்கிருந்து தோளில் வைக்கிற மரக்கட்டைக்குள் ஊறும், கட்டையின் தலைப்பகுதி கறுத்து மிருதுவாகி, ஒருநாள் சுடும்போது அதிர்ச்சி தாங்காமல் கீறிவிடும். வாய் கீழே இருக்கும்படி ஒரு தடித்த துணி மேல் நிறுத்துங்கள். காசா பணமா?

இப்போது ஒப்படைப்பு விஷயம். அறிவிப்பு வந்த மறுநாள் அவசரமாக உறையோடு தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் ஒன்று: எல்லாருமே கட்டாயம் ஒப்படைக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். தேர்தல் சமயத்தில் யார் யார் ஒப்படைக்க வேண்டும் என்று பார்ப்பதற்கு மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது, வங்கிக் காவலர்களுக்கும் போட்டியில் சுடுகிற ரைபிள் சங்க உறுப்பினர்களுக்கும் விலக்கு கேட்க வழியுண்டு. அதில் வருகிறவர்கள் முன்னாலேயே மனு கொடுங்கள், ஸ்டேஷன் வாசலில் நின்று வாதாடாதீர்கள், அங்கே இருக்கிற ஏட்டையாவுக்கு அதை முடிவு செய்யும் அதிகாரமே கிடையாது. மற்றவர்கள், நானும் அதில் ஒருவன், கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் எனக்குக் கோபமும் இல்லை. ஓட்டுப் போடுகிற நேரத்தில் ஊரில் எத்தனை துப்பாக்கி குறைவாக உலவுகிறதோ அத்தனை நல்லது.

கொடுப்பதற்கு முந்தின நாள் நன்றாகச் சுத்தம் செய்து, கனமான எண்ணெயோ மெலிசாகக் கிரீஸோ பூசி, எண்ணெய் ஊறிய பிரவுன் தாளில் சுற்றி, அதற்கு மேல் பருத்தித் துணிப் பை. பாலிதீனில் போட்டுக் கட்டுவதாக இருந்தால் உள்ளே துளி ஈரம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கட்டுங்கள், இல்லையென்றால் நீங்களே உள்ளே மழைக்காலத்தை அடைத்துக் கொடுத்த மாதிரி. எண் பொறித்திருக்கும் இடத்தை மட்டும் திறந்து பார்க்க வசதியாக விடுங்கள், ரைட்டருக்கும் நேரம் மிச்சம். நாலு பக்கமும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் துப்பாக்கி எண் மட்டுமல்ல, தோட்டா எத்தனை கொடுத்தோம் என்பதும் இருக்க வேண்டும். வாங்கி வந்த அன்றைக்கே திறந்து துடையுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

இந்த மடல் ஸ்டேஷன் பக்கம் யார் கண்ணிலாவது பட்டால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரசீதில் "நல்ல நிலை", "குழலில் துரு உண்டு" என்று ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தால் உங்களுக்கும் சண்டை மிச்சம், எங்களுக்கும் மிச்சம். ஒப்படைத்தவர் முன்கூட்டியே கேட்டால் நடுவில் ஒரு தரம் வந்து, உங்கள் கண் முன்னாலேயே எண்ணெய் போட்டுவிட்டுப் போக அனுமதியுங்கள். சன்னல் ஓரமாக அடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 2019 திருத்தச் சட்டத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக ரெண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம், லைசென்ஸ் காலமும் மூணு வருஷத்திலிருந்து ஐந்தாகிவிட்டது. ஐந்து வருஷம் என்பதால் எல்லாரும் மறந்துபோகிறார்கள். தேதி முடிய ரெண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். அப்பா இறந்துவிட்டார், துப்பாக்கி பரணில் கிடக்கிறது, லைசென்ஸ் அவர் பேரில்தான் என்று சாதாரணமாகச் சொல்கிற தம்பிமார்களே, அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. ஞாபகார்த்தமாக வைத்திருக்கிறோம் என்று கோர்ட்டில் சொல்ல முடியாது. உடனே தகவல் கொடுத்து ஒப்படையுங்கள், வாரிசாக விண்ணப்பியுங்கள்.

அதே 2019 திருத்தத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று வானத்தைப் பார்த்துச் சுடுவதையும் குற்றமாக்கிவிட்டார்கள். ரெண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். மாப்பிள்ளை ஊர்வலத்தில் துப்பாக்கியைத் தோளில் போட்டு ரீல்ஸ் எடுக்கிற பையன்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. போலீஸ்காரர் கையில் அந்த வீடியோ போனால் போவது அவன் போன் அல்ல, அவன் சித்தப்பாவின் லைசென்ஸ். இமானுவேல் சேகரன் நினைவு நாளும் தேவர் குருபூஜையும் வருகிற செப்டம்பர், அக்டோபரில் நம் மாவட்டம் எந்தப் பரபரப்பில் இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை (தடை உத்தரவுப் பிரிவு பேர் மாறி 163 ஆகிவிட்டாலும் நமக்கு அது 144 தான்). அந்த மாதங்களில் துப்பாக்கி பீரோவை விட்டு வெளியே வரவே கூடாது, உறவினர் கேட்டாலும் சரி.

இந்தக் கடற்கரையில் லைசென்ஸுக்கு ஏன் இத்தனை விசாரணை என்று சலித்துக்கொள்கிறவர்கள் 2018-ஐ நினைத்துப் பாருங்கள். தங்கச்சிமடத்தில் செப்டிக் டேங்க் குழி வெட்டப் போன இடத்தில் பெட்டி பெட்டியாகத் துருவேறிய தோட்டாவும் வெடிபொருளும் கிளம்பியதே. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத ஊர் இது. உங்கள் காட்டில் அப்படி ஏதாவது தட்டுப்பட்டால் எடுத்துத் தேய்த்துப் பார்க்காதீர்கள், ஆட்களை விலக்கிவிட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். பழைய தோட்டா, பழைய வெடிமருந்து எந்த நிமிஷம் என்ன செய்யும் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது.

விவசாயம் செய்கிறவர்களுக்கு. சீமைக்கருவேலத்துக்குள் பன்றி, மிளகாய்க் காட்டுக்குள் மயில், எல்லாம் எனக்கும்தான். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கியிருந்தாலும் மயிலைச் சுட அது அனுமதி அல்ல, 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை அது. காட்டுப்பன்றியைச் சுடுவதும் வனத்துறை வேலை, நம் வேலை இல்லை. மனு கொடுங்கள், வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டுங்கள், ராத்திரி தகரம் தட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஜெயில் அதைவிடச் சலிப்பு. சின்ன ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே என்று கண்மாயில் கொக்கு, நாரை அடிக்கிற பிள்ளைகளின் அப்பாக்களே, சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-ல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறிய கண்மாய்கள். லைசென்ஸ் வேண்டாம் என்பது அந்த ஏர் கன்னுக்குத்தான், பறவைக்கு இல்லை.

வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது, துப்பாக்கிக்காரன் சொல்கிறேன். தோட்டாவைத் தனியாக, துப்பாக்கியைத் தனியாகப் பூட்டி வைத்தால், ராத்திரி ரெண்டு மணிக்குச் சாவி தேடி எடுப்பதற்குள் திருடன் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். தோட்டாவைப் போட்டே வைத்தால் பேரன் கையில் அகப்படும். ஒரு நாட்டு நாய், வாசலில் ஒரு பல்பு. பிறகு எதற்குத்தான் துப்பாக்கி என்றால், எனக்கு அது பிடிக்கும், ரைபிள் கிளப்பில் போய் அட்டையில் சுடப் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து துடைக்கப் பிடிக்கும். அதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை.

பி.கு.: ஸ்டேஷனிலிருந்தோ பரணிலிருந்தோ எடுத்த துப்பாக்கியில் தோட்டா போடும் முன் மடக்கித் திறந்து, ரெண்டு குழலையும் வெளிச்சத்துக்கு நேரே வைத்து ஒரு தரம் பார்த்துவிடுங்கள். நம் பக்கம் குளவி மண்கூடு கட்ட இரும்புக் குழாய் கிடைத்தால் விடாது, அடைப்போடு சுட்டால் குழல் வெடிக்கும். பழைய சீமைத் துப்பாக்கி என்றால் சேம்பர் (குழலில் தோட்டா உட்காருகிற இடம்) நீளத்தையும் பாருங்கள், 65 மில்லிமீட்டர் சேம்பரில் இப்போதைய 70 மில்லிமீட்டர் தோட்டா சிரமமில்லாமல் உள்ளே போகும், ஆனால் சுட்ட பிறகு அதன் வாய் விரிய இடமிருக்காது, அழுத்தம் ஏறும். எது எத்தனை என்று தெரியாவிட்டால் கடைக்காரரிடம் அளக்கச் சொல்லுங்கள்.